கடைசியாக யாரோடு சண்டை போட்டீர்கள்?

சங்கமித்ராவும் அவள் புருஷன் அசோகனும் சண்டை போடாத நாள் என்று ஒன்று வந்தால், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று பக்கத்து வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள். இட்லிக்கு உப்பு கம்மி என்று தொடங்கும். இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் புளியந்தோப்பில் நடந்த கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டு வேன் ஏன் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது என்பதில் போய் நிற்கும். அசோகன் கோபமாக சைக்கிளை எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குக் கிளம்புவான். சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டான் என்று இவள் திட்டிக்கொண்டே பின்னால் ஓடுவாள். அவனும் தெருமுனையில் காலை ஊன்றிக் காத்துக்கொண்டிருப்பான். இந்தக் குடித்தனத்தைப் பார்த்து யாரும் பரிதாபப்பட வேண்டாம். இருவரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

அவளுக்கு வயது நாற்பத்தேழு. அதில் பத்தொன்பது வருஷம் ஒரு சன்னலுக்குப் பின்னால் போயிற்று. திருவொற்றியூர் நெடுஞ்சாலையோரம் ஓர் அறக்கட்டளை நடத்துகிற சின்ன ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் சன்னல் அது. பெரம்பூர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த அப்பா, போதிமரக் கன்றை எடுத்துக்கொண்டு இலங்கைக்குக் கடல் கடந்து போனவளின் பேரை மகளுக்கு வைத்தார். மகள் கடல் கடக்கவில்லை, கடலோரம் வரைக்கும் வந்து சேர்ந்தாள். குப்பத்து வாயில் அவ்வளவு நீளப் பேர் நுழையாது. "சங்கு" என்று சுருக்கிவிட்டார்கள். மருந்து கொடுக்கிறவளுக்கு வைக்கிற பேரா இது என்று பத்தொன்பது வருஷமாக அவளும் கத்திப் பார்த்துவிட்டாள்.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். அறுபது தாண்டியவர்கள் மாத்திரைக்காக வரிசையில் நிற்க வேண்டாம், ஒரு மாதத்துக்கானது வீட்டுக்கே வந்துவிடும். நல்ல காரியம்தான், யார் குறை சொல்ல முடியும்? செவ்வாய்க்கிழமைகளில் சன்னலுக்கு எதிரே இருந்த நீள பெஞ்சு காலியாயிற்று. ஆறு மாதம் கழித்து, ராயபுரத்திலிருந்து வரும் டாக்டர் பெர்சிஸ் பதிவேட்டைப் புரட்டிவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"சங்கமித்ரா, மாத்திரை ஒழுங்கா போகுதா?"

"ஒயுங்காத்தான் போவுது டாக்டரம்மா. நானே கட்டித் தர்றேன்."

"அப்புறம் ஏன் பாதிப் பேருக்கு பிரஷர் ஏறியிருக்கு? தூக்கம் இல்லைங்கறாங்க, பசி இல்லைங்கறாங்க."

சங்கமித்ராவுக்கு மனதில் பட்டதைப் பூசி மெழுகிச் சொல்ல வராது. "அவங்கோ மாத்திரைக்கு வர்ல டாக்டரம்மா. பெஞ்சுக்கு வந்தாங்கோ" என்றாள்.

அந்த பெஞ்சில் நடந்ததெல்லாம் டாக்டருக்குத் தெரியாது, அவர் அறை உள்ளே இருந்தது. யார் முதலில் வந்தது என்ற தகராறு, மருமகள்களைப் பற்றிய விசாரணைக் கமிஷன், ஒரு முறுக்கை நாலாக உடைத்துப் பல் இல்லாதவருக்குப் பெரிய துண்டைக் கொடுக்கிற கிண்டல். ஒன்பது மணிக்கு மருந்து வாங்கியவர் பன்னிரண்டு மணிக்குத்தான் எழுந்து போவார். "மாத்திரைய வூட்டுக்கு அனுப்சிட்டோம். பெஞ்ச அனுப்பல" என்றாள் சங்கமித்ரா.

டாக்டர் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. "அப்போ பெஞ்சையே எழுதிக் கொடுப்போம்" என்றார்.

அப்படிப் பிறந்ததுதான் மஞ்சள் சீட்டு. மருந்துச் சீட்டைப் போலவே இருக்கும், டாக்டர் கையெழுத்தும் ஆஸ்பத்திரி முத்திரையும் இருக்கும். ஆனால் அதில் மருந்துக்குப் பதிலாக ஓர் இடம், ஒரு நேரம், கூட இருக்கப்போகிற ஆள் யார் என்று எழுதியிருக்கும். யாருக்கு என்ன எழுத வேண்டும் என்று கண்டுபிடித்து வருகிற வேலை சங்கமித்ராவுக்கு. இதே மாதிரி வெளியூர்களில் செய்கிறார்கள் என்று டாக்டர் ஒரு படிவமும் கொடுத்தார். பத்துக் கேள்விகள் இருந்தன.

முதல் முயற்சி மண்ணைக் கவ்வியது. சமுதாயக் கூடத்தில் காலை பத்து மணிக்கு "முதியோர் மகிழ்ச்சிக் கூட்டம்" என்று அறுபது பேருக்குச் சீட்டு கொடுத்தாள். அறுபதுக்கு எழுபத்தெட்டுப் பேர் வந்தார்கள். சங்கமித்ராவுக்குத் தலைகால் புரியவில்லை. உற்றுப் பார்த்தபிறகுதான் ஆளாளுக்குக் கையில் ரேஷன் கார்டும் ஆதாரும் வைத்திருப்பது தெரிந்தது. முத்திரை போட்ட மஞ்சள் சீட்டு வீடு தேடி வந்தால் இந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். முன்வரிசைக் கிழவர் ஒருவர் நாகரிகமாகக் கேட்டார்: "இன்னா கட்சிமா? பிரியாணி உண்டா, இல்ல வெறும் பொட்லமா?"

மூச்சை இழுத்து விடச் சொல்லிக் கொடுக்கப்போகிறோம் என்று அவள் சொன்னாள். "மூச்சு வுடறதுக்கு ஆளத் தேடி இஸ்துக்கினு வந்தியா?" என்று ஒரு குரல் வந்தது. பத்தே நிமிஷத்தில் கூடம் காலி. அடுத்த வாரம் மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் மின்விசிறிக்கு அடியில் தூங்க வந்தவர்.

சங்கமித்ரா அழுகிற ஜாதி இல்லை. படிவத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். மீன் விற்றுக்கொண்டிருந்து, முட்டி போனதால் வீட்டோடு உட்கார்ந்துவிட்ட அங்கம்மாதான் முதலில் அகப்பட்டாள். அறுபத்தெட்டு வயது, துறைமுகச் சங்கு போன்ற தொண்டை. கடந்த வாரத்தில் எத்தனை முறை தனிமையாக உணர்ந்தீர்கள் என்று வாசித்தாள் சங்கமித்ரா.

"நான் நல்லா கீறேன்" என்றாள் அங்கம்மா.

மனம் விட்டுப் பேச யாராவது இருக்கிறார்களா?

"அதான் நல்லா கீறேன்னு சொன்னேனே!"

பத்துக் கேள்விக்கும் அதே பதில்தான். சங்கமித்ராவுக்கு எரிச்சல் வந்தது. படிவத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வாய்க்கு வந்ததைக் கேட்டாள்: "சரிக்கா, கடைசியா யார்கூட சண்ட போட்ட?"

அங்கம்மா வாயைத் திறந்தாள். மூடினாள். "சண்டையா? மார்க்கெட்டுக்குப் போறத வுட்டப்பறம் யார்கூடமே சண்ட போடறது? மருமவ தங்கமான பொண்ணு. இன்னா சொன்னாலும் 'சரி அத்த'ன்றா. நான் இன்னா பண்ணட்டும்?" என்றவள், முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

சங்கமித்ராவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. இவ்வளவு சுலபமான விஷயத்துக்கா பத்துக் கேள்வி? இந்தக் கடலோரத்தில் ஒருவர் வேண்டியவர் என்பதற்கு அடையாளமே அவரோடு சண்டை இருப்பதுதான். வேண்டாதவரோடு யார் மல்லுக்கு நிற்பார்கள்? சண்டை போட ஆள் இல்லாதவர்தான் உண்மையிலேயே தனியாள். அன்றிலிருந்து அவள் படிவத்தில் ஒரே கேள்விதான். கடைசியாக யாரோடு சண்டை போட்டீர்கள், எப்போது? "இன்னிக்குக் காலைல, என் சம்சாரத்தோட" என்றால் அந்த ஆளுக்குச் சீட்டு வேண்டாம். "ஞாபகம் இல்லையே" என்றால் அவருக்கு உடனே எழுத வேண்டும்.

அங்கம்மாவுக்கு எழுதிய சீட்டு இது: சாயங்காலம் நாலு மணி, தெருமுனையில் மீன் விற்கும் பெண்கள் பக்கத்தில் ஒரு ஸ்டூல். விற்க வேண்டாம், தூக்க வேண்டாம், விலையைப் பற்றிக் கருத்துச் சொன்னால் போதும். ஒரே வாரத்தில் அவள் நாலு பேரோடு சண்டை பிடித்திருந்தாள். பிரஷர் இறங்கியதா என்று கேட்கிறீர்களா? இறங்கியது. டாக்டரே இரண்டு தடவை கட்டிப் பார்த்தார். ரயில்வேயில் இருந்தவர்களுக்கு கேரம் போர்டு, பேப்பர் படிக்கப் பிடித்தவர்களுக்குக் கூடத்தில் செய்தி வாசிப்பு என்று சீட்டுகள் போயின. நாலு மாதத்தில் நாற்பது பேர் ஏதாவது ஓர் இடத்தில் உட்கார்ந்து, வாயாடி, கோபித்து, மறுபடி வந்துகொண்டிருந்தார்கள்.

ஓர் ஆள் மட்டும் வசப்படவில்லை. அங்கம்மா வீட்டுக்கு எதிர்வீடு, மனோகரன். வயது எழுபத்தொன்று. துறைமுகத்தில் கிரேனுக்கு சிக்னல் காட்டுகிற வேலையில் முப்பத்து நாலு வருஷம் இருந்தவர். மனைவி வரலட்சுமி போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. அன்று சாத்திய கதவு. ஒரே மகள் மலர் மாத்தூரிலிருந்து வாரம் ஒருமுறை வந்து சமைத்து வைத்துவிட்டுப் போகிறாள்.

சங்கமித்ரா அவர் வீட்டு வாசலில் நின்று, கடைசியாக யாரோடு சண்டை போட்டீர்கள் என்று தொண்டை கிழியக் கேட்டபோது, "சாப்ட்டேன்மா" என்றார். பேச்சை மாற்றுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கேரம் போர்டுக்கு எழுதிக் கொடுத்தாள், போகவில்லை. செய்தி வாசிப்புக்கு எழுதிக் கொடுத்தாள். ஒருநாள் வந்தார், எல்லோரும் சிரித்தபோது கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார், பாதியில் எழுந்து போய்விட்டார். "ஆர்பர்ல வேல பாத்த திமிரு. நம்ம கூடல்லாம் பேசுவாரா தொர?" என்றாள் அங்கம்மா.

மலர் ஆஸ்பத்திரிக்கே தேடி வந்தாள். "அக்கா, என்னால முடில. ராத்திரி போன் பண்ணா எடுக்கறதில்ல. கதவத் தட்டுனா தொறக்கறதில்ல. உள்ள வியுந்து கெடக்கறாரோன்னு பஸ்ல வரும்போதே பயமா கீது. அடுத்த ஞாயித்துக்கிழம வண்டி எடுத்துக்கினு வரேன், அப்பாவ மாத்தூருக்கே கூட்டிட்டுப் போயிடறேன்."

"அங்க யாரு கீறாங்கோ?"

மலர் தலையைக் குனிந்துகொண்டாள். மூன்றாவது மாடி, அவளும் புருஷனும் காலை எட்டு மணிக்குப் போனால் இரவு ஏழுக்குத்தான் வருவார்கள். பெரியவருக்கு டிவியும் நாலு சுவரும்தான். "அவருக்கு இஷ்டமில்லன்னு தெரியும்க்கா. 'உங்கம்மா இருந்த வூடு'ன்னு ஒரே ஒரு வாட்டி சொன்னாரு. ஆனா நான் இன்னா பண்றது? நாலு பேரோட பேசி, சிரிச்சிக்கினு இருந்தா வுட்டுட்டுப் போலாம். இல்லியே."

"அடுத்த ஞாயிறு வரைக்கும் டைம் குடு" என்றாள் சங்கமித்ரா. சொல்லிவிட்டாளே தவிர, என்ன செய்வது என்று அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு, மனோகரனை ஒரு பிடி பிடித்துவிடுவது என்று கிளம்பினாள். சோதனையாக, முந்தின நாள் கூடத்தில் விசிறிச் சத்தத்துக்கும் அங்கம்மாவின் விமர்சனத்துக்கும் மேலே கத்திச் செய்தி வாசித்ததில் தொண்டை சுத்தமாகக் கட்டிக்கொண்டிருந்தது. காற்றுதான் வந்தது. கதவு சும்மா சாத்தியிருந்தது. அவர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றிருந்தார். அவள் கதவைத் தள்ளி உள்ளே போய், அவர் முகத்துக்கு எதிரே நின்று, வாயை அசைத்து, கையையும் ஆட்டிக் கேட்டாள்: "இன்னா நைனா, கேரம் ஆட ஏன் வர்ல?"

"கேரம் எனக்கு ஆடத் தெரியாதும்மா. வரலட்சுமி நல்லா ஆடுவா" என்றார் மனோகரன்.

நாலு மாதத்தில் கேட்ட கேள்விக்குச் சரியான பதிலை அவர் சொன்னது இதுதான் முதல் தடவை. அதுவும் குரலே இல்லாதபோது. அவள் தன் காதைத் தொட்டுக் காட்டி, கேள்வியாகப் பார்த்தாள். அவர் முகம் சுருங்கியது. திருடி அகப்பட்டவர் போலச் சொன்னார்: "பதினைஞ்சு வருசமாச்சு. கிரேன் சத்தத்துலயே போச்சு. வேலைல இருக்கும்போது யார்கிட்டயும் சொல்லல, சொன்னா எறக்கி வுட்ருவாங்கன்னு பயம். கை சிக்னல்தானே, சமாளிச்சிட்டேன். வூட்ல அவளுக்கு மட்டும் தெரியும். என் எதிர்ல நின்னு, மெதுவா வாய அசைச்சு, கையால சொல்லுவா. வெளில யாராச்சும் பேசுனா அவ எனக்குத் திருப்பிச் சொல்லுவா. இப்போ எல்லாரும் கத்துறாங்கோ. கத்தும்போது வாய் கோணிக்கினு போவுது, ஒன்னும் புரில. தப்பாப் பதில் சொன்னா சிரிப்பாங்கோ. எதுக்கு பேஜாருன்னு கதவ சாத்திக்கினேன்."

மகளுக்குக்கூடத் தெரியாது. எப்படித் தெரியும்? எல்லோரும் கத்திப் பேசுகிற ஊரில் ஒருவருக்குக் காது மந்தம் என்று யார் கண்டுபிடிப்பது? நாலு மாதமாகத் தானும் அவர் முகத்துக்கு நேரே கத்தியதை நினைத்துச் சங்கமித்ராவுக்கு வெட்கமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் தண்ணி லாரி வந்தது. அந்தத் தெரு கடலோரத்துக் கருங்கல் குவியலில் போய் முட்டும். லாரி திரும்ப இடமில்லை, பின்பக்கமாகவேதான் உள்ளே வர வேண்டும். ஓட்டுநர் பிலாலுக்குக் கிளீனர் கிடையாது. இருபது பெண்கள் இருபது பக்கம் நின்று, "வா வா வா", "நிறுத்து", "லெப்ட்ல ஒடி", "யோவ் செவுரு" என்று ஒரே நேரத்தில் கத்தினார்கள். சங்கமித்ரா லாரியைப் பார்க்கவில்லை, மனோகரனின் வலது கையைப் பார்த்தாள். சன்னலுக்கு உள்ளே, யாருக்கும் தெரியாமல், அந்தக் கை வேலை செய்துகொண்டிருந்தது. விரல் மெல்ல மடங்கி அழைத்தது, உள்ளங்கை இடப்பக்கம் சாய்ந்தது, பிறகு சட்டென்று முஷ்டியாக மூடிக்கொண்டது. மூடிய அடுத்த நொடி லாரி அங்கம்மா வீட்டுச் சுவரில் இடித்தது. அங்கம்மா போட்ட கூச்சல் மனோகரனுக்கே கேட்டிருக்கும்.

"மூணாவது வாட்டி!" என்று பிலால் லாரியிலிருந்து குதித்தான். "இனிமே நான் உள்ள வரமாட்டேன்மா. மெயின் ரோட்லதான் நிறுத்துவேன், வேணும்னா வந்து புடிச்சிக்கோங்கோ!"

சங்கமித்ரா ஆஸ்பத்திரிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். பேச முடியாததால் டாக்டரிடம் ஒரு காகிதத்தில் எல்லாவற்றையும் எழுதிக் காட்டினாள். காது பரிசோதனைக்கு ஒரு சீட்டு, கூடவே ஒரு மஞ்சள் சீட்டு. காது மிஷின் வர ஒரு மாதமாவது ஆகும், அதுவரை காத்திருக்க நேரமில்லை. மஞ்சள் சீட்டில் டாக்டர் எழுதினார்: "மனோகரன், 71. தண்ணீர் லாரிக்கு சிக்னல். ஒருநாள் விட்டு ஒருநாள், காலை 6.30. லாரி வந்தது முதல் போகும் வரை."

மனோகரன் அந்தச் சீட்டை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். "டாக்டரே எய்தினாங்களா?" என்று கேட்டார். சங்கமித்ரா தலையாட்டினாள். முப்பத்து நாலு வருஷம் கிரேன் அவர் கையைப் பார்த்து நகர்ந்தது. அப்படிப்பட்டவரை உட்கார வைத்துச் சிரிக்கச் சொன்னால் எப்படி வருவார்? வேலை என்றால் வருவார்.

அடுத்த லாரி நாளுக்குப் பிலாலைக் கெஞ்சிக் கூத்தாடி, கடைசியாக ஒரு தடவை என்று சம்மதிக்க வைத்தார்கள். கதவு திறந்தது. காக்கிக் கால்சட்டையும் அயர்ன் செய்த சட்டையும் போட்டுக்கொண்டு மனோகரன் தெருவுக்கு வந்தார். லாரியின் பின்பக்கம், கண்ணாடியில் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றார். பெண்கள் வழக்கம்போல "வா வா" என்று ஆரம்பித்தார்கள். அவர் முஷ்டியை உயர்த்தினார், லாரி நின்றது. பெண்களின் பக்கம் திரும்பி உதட்டில் விரலை வைத்தார். அந்தத் தெரு பேச்சை நிறுத்தியது. அங்கம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், இல்லாவிட்டால் நிற்காது என்று அவளுக்கே தெரியும். பிறகு அந்தக் கை அசைந்தது. லாரி கொஞ்சங்கொஞ்சமாக, கறிவேப்பிலைத் தொட்டியைக்கூட உரசாமல், கருங்கல் வரைக்கும் வந்து நின்றது. பிலால் இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். தெரு விசிலடித்தது.

சங்கமித்ராவுக்கு இரண்டு கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் தண்ணீர் தீர்ந்து லாரி வெளியே போனதும் மனோகரன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்கடுத்த தடவையும் அப்படியே. லாரி போகும் வரை என்று டாக்டர் எழுதியிருக்கிறார், மனோகரனும் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை என்பதுபோல அப்படியே நடந்துகொண்டார். யாரோடும் ஒரு வார்த்தை இல்லை.

"எய்தினதுல தப்பு பண்ணிட்டோம்யா" என்று அன்றிரவு சாப்பாட்டு நேரத்தில், பாதி திரும்பியிருந்த கரகரத்த குரலில் அசோகனிடம் புலம்பினாள்.

"அவுரு தெருவுக்கு வந்துட்டாரு. தெருக்காரங்க அவுருகிட்ட வந்தாங்களா?" என்றான் அவன் ரசத்தைக் கலக்கிக்கொண்டே. அவன் சொன்னதில் நியாயம் இருந்ததால் அவளுக்குக் கோபம் வந்தது. ரசத்தில் புளி அதிகம் என்று அவன் சொன்னதை வைத்து ஒரு மணி நேரம் சண்டை போட்டாள்.

மறுநாள் தொண்டை முழுசாகத் திரும்பிவிட்டது. தெருவையே கூட்டிவைத்துப் பாடம் எடுத்தாள். மனோகரனிடம் யாரும் கத்தக் கூடாது. எதிரே நிற்க வேண்டும், முகம் காட்ட வேண்டும், மெதுவாக வாயசைத்து, கையால் சொல்ல வேண்டும். திமிர் பிடித்தவர் என்று சொன்ன அங்கம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. "அடப் பாவமே, காதா? சொல்லக் கூடாது?" என்று அதையும் தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். கத்தாமல் பேசுவது அவளுக்கு உபவாசம் இருப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. கண்ணாடி முன்னால் நின்று பழகுகிறாள் என்று மருமகள் வந்து சொன்னாள். மருமகள் சிரித்ததற்காக அவளுக்கும் திட்டு விழுந்ததாம். முதல் தடவையாக மருமகளும் எதிர்த்துப் பேசினாளாம். அங்கம்மாவுக்கு அதில் ஏகச் சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. லாரி நாளும் அதுதான். மலர் ஒரு குட்டியானை சுமை வண்டியைப் பிடித்துக்கொண்டு ஏழே கால் மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் சங்கமித்ராவை ஏற்றிக்கொண்டாள். வழியெல்லாம் சங்கமித்ரா காதைப் பற்றியும் லாரியைப் பற்றியும் சொல்லிக்கொண்டே வந்தாள். மலர் காது விஷயத்தைக் கேட்டு அழுதாள். ஆனால் தலையை ஆட்டினாள். "லாரிக்குக் கை காட்டறது சரிக்கா. மத்த நேரம்? கதவ சாத்திக்கினுதானே கீறாரு?" வேளை பார்த்தால் லாரி எப்போதோ போயிருக்கும், கதவும் சாத்தியிருக்கும்.

தெருமுனையில் வண்டியால் உள்ளே போக முடியவில்லை. கூட்டம். லாரி இல்லை, தண்ணீர் பிடித்து முடித்த குடங்கள் மட்டும் வரிசையாக நின்றன. அவ்வளவு கூட்டம் இருந்தும் சத்தமே இல்லை. மலர் "அப்பா!" என்று அலறிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்தாள்.

நடுவில் மனோகரனும் அங்கம்மாவும் எதிரெதிரே நின்று கைகளால் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கம்மா தன் இரண்டு நீல டிரம்மையும் வழியில் வைத்து, லாரியைத் தன் வாசலில் நிறுத்தப் பார்த்திருக்கிறாள். மனோகரன் ஒத்துக்கொள்ளாமல் லாரியைக் கருங்கல் வரைக்கும் இழுத்துவிட்டார். அங்கம்மா தன் முட்டியைத் தட்டிக் காட்டினாள், டிரம்மைக் காட்டினாள், வானத்தைக் காட்டி மண்ணை வாரி வீசுகிற மாதிரி ஒன்று செய்தாள். மனோகரன் கடைசி வீட்டைக் காட்டினார், நாலு விரலை நீட்டினார், முதுகை வளைத்துக் குடம் தூக்கி நடந்து காட்டினார். அங்கே நாலு கிழங்கள் இருக்கிறார்கள், அவர்கள் யார் தூக்குவார்கள் என்று அர்த்தம். அங்கம்மா இடுப்பில் கை வைத்து, முகத்தைக் கோணி, கழுத்தை வெட்டினாள். அதற்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. மனோகரனுக்குக் கை போதவில்லை, வாயும் சேர்ந்துகொண்டது.

"மூணு வாட்டி இடிச்ச லாரிய உன் செவுத்துல படாம இஸ்துக்கினு வந்தது யாரு? இப்போ டிரம்ம வெச்சு டபாய்க்கிறியா?"

கூட்டம் கைதட்டியது.

"எவ்ளோ நேரமா நடக்குது?" என்று பக்கத்தில் நின்றவளைச் சங்கமித்ரா கேட்டாள்.

"லாரி போயி அரை மணி ஆச்சு சங்கு. கம்முனு பாரு."

மலர் அழுதுகொண்டே சிரித்தாள். அம்மா போன பிறகு அப்பாவின் இந்த முகத்தை அவள் பார்த்ததில்லை. கன்னம் சிவந்து, சட்டையின் மேல் பித்தான் கழன்று, கண்ணெல்லாம் விழிப்பாக இருந்தார். அப்போதுதான் மனோகரன் மகளைப் பார்த்தார். அவள் பின்னால் தெருமுனையில் நின்ற வண்டியையும் பார்த்தார். ஒரு விநாடி முகம் வாடியது. பிறகு அங்கம்மாவைப் பார்த்து, இரு, சண்டை இன்னும் முடியவில்லை, வருகிறேன் என்று விரலை நீட்டிவிட்டு மகளிடம் வந்தார்.

"மலரு, இன்னிக்கு மாத்தூருக்கு வர முடியாதும்மா. செவ்வாய்க்கியம லாரி வருது. இவ மறுபடியும் டிரம்ம வெப்பா."

மலர் அவர் எதிரே நின்று, முகத்தைக் காட்டி, அவள் அம்மா செய்கிற மாதிரியே மெதுவாக வாயசைத்தாள். "வேணாம்பா. நீ இங்கியே இரு." அதைப் படித்துவிட்டு மனோகரன் மகளின் தலையில் கை வைத்தார்.

குட்டியானைக்காரனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். சங்கமித்ரா இடுப்பிலிருந்து படிவத்தை உருவி, மனோகரன் பேருக்கு எதிரே நாலு மாதமாகக் காலியாக இருந்த கட்டத்தில் எழுதினாள்: "எதிர்வீட்டு அங்கம்மாவோடு. இன்று காலை." நிமிர்ந்து நேரத்தையும் போடலாம் என்று பார்த்தாள். அங்கம்மா தன் வாசலில் இரண்டு டீ டம்ளரை வைத்துக்கொண்டு, மீதிச் சண்டைக்கு வரச் சொல்லி மனோகரனைக் கையால் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சங்கமித்ரா நேரம் போடாமல் படிவத்தை மடித்துக்கொண்டாள்.